பொன் பூசினாலும் ஒட்டும்

குடித்து முடித்த குளிர்பான டின்னை எல்லாருமே ஒருமுறையாவது கையில் நசுக்கியிருப்போம். பக்கச் சுவரின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அதில் மடிப்போ ஒட்டோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டை முதலில் கிண்ணமாக்குகிறார்கள். அந்தக் கிண்ணத்தை ஓர் உருளைத் தண்டு இறுக்கமான வளையங்கள் வழியே தள்ளுகிறது. சுவர் மெலிய மெலிய டின் உயர்கிறது. நிமிடத்துக்கு 300 டின்னுக்கு மேல் செய்யும் இயந்திரங்கள் உண்டு.

இதில் அலுமினியம் கருவியோடு உரசிக்கொண்டேதானே போகிறது? வானொலி நிகழ்ச்சிக்காக அச்சுக் கருவிகள் செய்யும் ஓர் அண்ணனிடம் பேசியபோது, இந்த வேலையில் பெரிய தலைவலி எது என்று கேட்டேன். கருவி தேய்வது, உடைவது என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன். “ஒட்டிக்கும் தம்பி. ஒருதடவை ஒட்டிடுச்சுன்னா அன்னைக்கு வேலை போச்சு” என்றார்.

அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு தோல் இருக்கும். சில நானோமீட்டர் கனம். மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் இதே பொருள்தான், அவ்வளவு கெட்டி. ஆனால் இழுத்தால் நீளாது, வெடித்துவிடும். தகட்டை அழுத்தி இழுக்கும்போது அந்த வெடிப்புகள் வழியே புத்தம் புது அலுமினியம் எட்டிப் பார்க்கிறது. எஃகைத் தொட்டதும், நெருப்பே இல்லாமல் பற்றவைத்த மாதிரி பிடித்துக்கொள்கிறது. கருவியில் ஒரு துணுக்கு தங்குகிறது. அடுத்த தகடு அதில் உரசி இன்னும் கொஞ்சம் விட்டுச் செல்கிறது. துணுக்கு முண்டாகிறது, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பொருளிலும் கீறல். 0.1 மில்லிமீட்டர் சுவரில் ஆழமான கீறல் விழுந்தால் அது கிழிசல்தான்.

எண்ணெய் ஊற்றினால் போகிறது என்பீர்கள். ஊற்றத்தான் செய்கிறார்கள். ஆனால் பிறகு அதைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சாயம் பிடிக்காது. கழுவிய நீரைச் சுத்திகரிக்க வேண்டும். உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் வேலைகளில் குளோரின் கலந்த பாரஃபின் எண்ணெய்கள் வெகுகாலம் கைகொடுத்தன. அவற்றில் ஒரு வகை எளிதில் சிதையாமல் உயிர்களின் உடலில் சேர்கிறது என்பதால், 2017இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் அதை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதனால்தான் எண்ணெயைக் குறைத்து, கருவியின் மேற்பரப்பையே மாற்ற முடியுமா என்று இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஹார்ட்வேர் கடையில் தங்க நிற ட்ரில் பிட் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. எஃகைவிடப் பல மடங்கு கடினம். அதைப் பூசினால் அலுமினியம் வழுக்கிக்கொண்டு ஓடும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஓடுவதில்லை. அதன் மீதும் நன்றாகவே ஒட்டுகிறது! கடினத்தன்மை கருவியைத் தேயாமல் காக்கும், ஒட்டாமல் காக்காது. இரண்டும் வேறு வேறு குணங்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்துப்போன செய்தி இதுதான்.

ஒட்டாமல் இருப்பதில் கைதேர்ந்தது கறுப்பு நிறத்தில் இருக்கும், வைரம் போன்ற கரிமப் பூச்சு. அதன் மேற்பரப்பு அணுக்களின் கைகளை ஹைட்ரஜன் ஏற்கெனவே பற்றியிருந்தால், அலுமினியத்தைப் பிடிக்க அங்கே கை காலியாக இல்லை. ஹைட்ரஜன் கலக்காத வகையும் உண்டு. வெற்றிடத்தில் அதன் மேல் அலுமினியம் ஒட்டிக்கொள்கிறது, ஈரக் காற்றிலோ நீராவியே வந்து அந்தக் கைகளை நிரப்பிவிடுகிறது. நம் வீட்டு முறுக்கை நமத்துப்போக வைக்கும் ஈரப்பதத்துக்கு இப்படியும் ஓர் உபகாரம்.

பூச்சு மட்டும் போதாது. அதன் கனம் சில மைக்ரான்தான். அடியிலுள்ள எஃகு மென்மையாக இருந்தால் அழுத்தத்தில் உடைந்து உரியும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தாலோ, முட்டுகள் அலுமினியத்தைச் சீவிப் பள்ளங்களில் நிரப்பிவிடும். பூசும் முறையைப் பொறுத்து, பூச்சே நுண்ணிய சொட்டுகளாக அங்கங்கே உறைந்து நிற்பதும் உண்டு.

அதனால் பூச்சு போட்டு வரும் கருவியை அந்த அண்ணன் அப்படியே இயந்திரத்தில் மாட்டுவதில்லை. வைரப் பசை தடவி, தகடு ஓடும் திசையிலேயே, கையால் மறுபடி பாலிஷ் போடுகிறார்.