ஆவணம் அறியாப் பட்டம்

வேறு பாடம் கிடைக்காதோர் சேரும் துறை என்றே நம் கலைக்கல்லூரிகளில் வரலாறு நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. சேர்ந்தோருள் பலரும் பட்டம் பெற்றவுடன் அரசுப் பணித் தேர்வுகளையே நாடுகின்றனர். பேராசிரியப் பணிக்கும் ஆய்வுக்கும் அதே பட்டம் அடித்தளமாகும் என்று எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

வழி தெளிவானது. முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண், தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி, அதன்மேல் முனைவர் பட்டம் என்பது வழக்கமான முறை. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர், முதுநிலை பயிலாமலே முனைவர் பட்ட ஆய்வில் சேரவும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. எனினும் விதிகள் ஆய்வாளரை உருவாக்கா. அப்பணி இளநிலை வகுப்பிலேயே தொடங்கவேண்டும்.

சான்றாக, கோயிலில் ஒரு நொந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய 96 ஆடுகள் அளிக்கப்பட்டதைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். தேர்வுத்தாளில் இது ‘சோழர் காலக் கோயிற்கொடை’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். கல்வெட்டின் மைப்படியைக் கையிலேந்திய மாணவரோ, கொடுத்தவர் யார், இடையர் எவ்வூரார், ஆடு இறந்தால் இழப்பு யாருக்கு என்று வினவுவார். மந்தை குன்றாமற் காப்பது இடையரின் கடன் என்பதை ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரே அவருக்கு உணர்த்தும். ஆய்வு பிறப்பது அவ்வினாவில்தான்.

கல்வெட்டுகளில் பயிலும் ஊர், நாட்டுப் பெயர்களைத் திரட்டியே சோழநாட்டின் அரசியல் நிலவியலை 1973இல் நூலாக்கினார் கல்வெட்டறிஞர் சுப்பராயலு. ஜப்பானிய அறிஞர்களான கராஷிமாவும் மட்சுயியும் அவருடன் இணைந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அடைவை 1978இல் வெளியிட்டனர். பெயர்களை ஒன்றொன்றாகத் தொகுத்த பொறுமையே அவ்வறிஞர்களின் மூலதனம்.

ஆகவே இளநிலைப் பாடத்திட்டத்தில் கல்வெட்டும் ஆவணமும் வாசிக்கும் பயிற்சி கட்டாயமாகவேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரைப் பற்றிய ஒரு சிற்றாய்வையேனும் மூலச்சான்றுகளைக் கொண்டு எழுதவேண்டும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வாயிலைக் காணாமலே ஒருவர் வரலாற்றுப் பட்டதாரியாகும் நிலை மாறவேண்டும்.

இவ்வளவும் செய்து தேர்ந்தவரைக் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுக்கணக்கில் காக்கவைப்பது அறமன்று. நிலையான பணியிடங்களை நிரப்பும் பொறுப்பு அரசுக்கு உரியது. பயிற்சியைக் கல்லூரிகளும் பணியை அரசும் தாராவிடில், திறன்மிக்க மாணவரை வரலாற்றுத்துறை இழந்துகொண்டே இருக்கும்.