காத்திருக்கும் கைகளுக்கு ஒரு பாத்தி

(முன்னாள் மாணவி ஒருத்தி)

அன்புத் தங்கையரே,

பள்ளியை விட்டுச் சென்ற மாணவியரிடம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்பது வழக்கம். பெரும்பாலும் மருத்துவராகவோ, பேராசிரியையாகவோ, அதிகாரியாகவோ உயர்ந்தவர்களே எழுதுவர். நான் அவர்களுள் ஒருத்தி அல்லள். இன்றுவரை நிலையான வேலை கிடைக்காதவள். ஆயினும் சொல்வதற்கு என்னிடம் ஒரு செய்தி உண்டு. உங்களில் சிலருக்கேனும் அது ஒருநாள் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

வேலை தேடும் பெண்ணைப் பணமின்மைக்கு அடுத்தபடியாக வாட்டுவது எது தெரியுமா? ஒரு சிறு கேள்வி. "இப்ப என்ன செய்யிற?" திருமண வீட்டிலும், பேருந்து நிறுத்தத்திலும், கோயில் வாசலிலும் இக்கேள்வி காத்து நிற்கும். கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் "ஒன்றும் இல்லை" என்று எத்தனை முறை சொல்வது? நாளடைவில் அந்த 'ஒன்றும் இல்லை' நம்மையே குறிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

நான் பி.எட். முடித்து, 2019-இல் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறினேன். ஆனால் தேறியவர்களும் பணி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுதவேண்டும் என்று 2018-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஆணை பிறப்பித்திருந்தது. அந்தத் தேர்வு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தற்காலிகமாக இருந்த எங்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். அதன்பின் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிப்பது, விண்ணப்பங்கள் அனுப்புவது, அறிவிப்பு ஏதேனும் வந்ததா என்று கைபேசியைப் பார்ப்பது, இவையே என் அன்றாடப் பணிகள் ஆயின. பகல் பதினொரு மணி வரை படுக்கையை விட்டு எழாத நாட்களும் உண்டு.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். "ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? புறவாசல்ல இடம் சும்மாதான கெடக்கு, போட்டுப் பாரு" என்றார். உள்ளே முளைக்கீரை, வெண்டை, அவரை விதைகள் இருந்தன. எங்கள் வீட்டுப் பின்புறம் அரை சென்ட் நிலம் கல்லும் முள்ளுமாய்க் கிடந்தது. மறுப்பதற்குக் கூச்சப்பட்டு மண்வெட்டியை எடுத்தேன். தொடக்கம் அவ்வளவுதான், பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை.

கீரை விதையை மணலோடு கலந்து தூவவேண்டும் என்றும், எறும்பு இழுத்துப் போகாமலிருக்கப் பாத்தி ஓரத்தில் அரிசிக் குருணை போடவேண்டும் என்றும் ஆச்சியே கற்பித்தார். வெண்டை விதை ஊன்றிய இரண்டாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஆச்சி சுவருக்கு அப்பாலிருந்து, "ஏட்டி, தோண்டித் தோண்டிப் பாத்தா அது எப்படி முளைக்கும்?" என்று அதட்டினார். சிரிப்பு வந்தது. மணிக்கொருமுறை கைபேசியில் நான் செய்துகொண்டிருந்ததும் அதைத்தானே!

தோட்டம் எனக்குத் தந்தவை மூன்று. முதலாவது, நாளுக்கு ஓர் ஒழுங்கு. வெயில் ஏறுமுன் நீர் ஊற்றவேண்டும். ஆகவே ஆறு மணிக்கு எழவேண்டும். யாருக்கும் தேவையற்றவளாய் இருந்த எனக்கு, நான் எழாவிட்டால் வாடிப்போகும் சில உயிர்கள் கிடைத்தன. இரண்டாவது, செயலுக்கு ஒரு பலன். நாற்பது விண்ணப்பங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. ஆனால் தூவிய கீரை இருபத்தைந்தாம் நாள் பறிக்கும் பருவத்துக்கு வந்தது. முயற்சிக்கும் பயனுக்கும் தொடர்பு உண்டு என்பதையே மறந்திருந்த மனத்துக்கு அது மருந்தாயிற்று. மூன்றாவது, கொடுப்பதற்கு ஒரு பொருள். வேலை இல்லாதவள் எப்போதும் வாங்கும் கையாகவே இருக்கிறாள். நான் முதன்முதலாக ஒரு கட்டுக் கீரையைச் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனபோது, "என்ன செய்யிற?" என்று அவர் கேட்கவில்லை. "எப்படிப் போட்ட?" என்று கேட்டார்.

அவரை மட்டும் பூக்கவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. பந்தல் நிறைய இலைதான். குறை என்னுடையதோ என்று எருவும் நீரும் அதிகமாக இட்டேன். நாட்டு அவரை பகல் குறுகிப் பனி விழும் காலத்தில்தான் பூக்கும் என்பதைப் பிறகே அறிந்தேன். கார்த்திகை முடிவில் ஊதாப் பூக்கள் கொத்துக்கொத்தாய் வந்தன. எல்லாத் தாமதமும் நம் தவறன்று என்பதை அதற்கு முன் எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவரைப் பந்தலடியில் நின்றபோதுதான் நம்பினேன்.

ஆனால் தங்கையரே, ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆறுதல் சில வேளை ஒளிவிடமாக மாறிவிடும். அடுத்த ஆண்டு பந்தலை விரிவாக்கும் உற்சாகத்தில், அருகிலிருந்த பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளைத் தவறவிட்டேன். மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், இன்னொரு மறுப்பைத் தாங்கப் பயந்து தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன்பின் ஒரு வரையறை வகுத்தேன். காலை ஏழரை மணிக்குக் கையைக் கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுப்பது, மாலையில் அரைமணி மட்டும் களை எடுப்பது. செடிகள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

"வேலை இல்லையென்றால் தோட்டம் போடுங்கள்" என்று சொல்வோரும் உண்டு. அவர்களுக்கு நான் உடன்படமாட்டேன். அரை சென்ட் கீரை ஒரு குடும்பத்தைத் தாங்காது. படித்த படிப்புக்கு ஈடும் ஆகாது. உபதேசம் செய்வது எளிது, துணை நிற்பது வேறு. இதற்கு நூல்நிலையத்தில் நான் படித்த வரலாறு ஒன்றைச் சொல்கிறேன். 1893-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டு, டெட்ராய்ட் நகரில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்நகர மேயர் ஹேசன் பிங்கிரி, 1894-இல் நகரில் சும்மா கிடந்த மனைகளை உரியவர்களிடம் கேட்டுப் பெற்று, வேலையற்ற குடும்பங்கள் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிட வழங்கினார். விதைக்கும் கருவிக்கும் பணம் போதாதபோது தம் குதிரையையே ஏலத்தில் விற்றார். வேலையற்றோர் சோம்பேறிகள், நிலத்தைத் தொடவும் மாட்டார்கள் என்று பலர் ஏளனம் செய்தனர். முதல் ஆண்டிலேயே நானூறு ஏக்கருக்கு மேல் பயிராயிற்று. வேறு நகரங்களும் அவரைப் பின்பற்றின. அவர் அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நிலம் தந்தார், விதை தந்தார், அவர்கள் உழைப்பார்கள் என்று நம்பவும் செய்தார். காத்திருப்போருக்கு ஒரு சமுதாயம் செய்யவேண்டியது அதுவே அன்றோ?

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். நம் பள்ளி வளாகத்தில் வகுப்புக்கு ஒரு பாத்தி அமையுங்கள். மதிப்பெண்ணுக்காக அன்று, கைக்குப் பழக்கம் ஆவதற்காக. படிப்பு முடித்து நீங்கள் காத்திருக்க நேரும் காலம் வரலாம். அப்போது அந்தப் பழக்கம் உங்களைத் தாங்கும். இரண்டாவது, உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலை தேடும் அக்கா ஒருத்தி இருந்தால், "என்ன செய்யிற?" என்று கேளாதீர்கள். ஒரு பிடி விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது வெளியே மழை தூறுகிறது. அவரைக் கொடி இந்த ஆண்டும் பந்தல் ஏறிவிட்டது. நாளை காலை ஏழரைக்கு என் புத்தகம் காத்திருக்கும். அதற்கு முன் ஆறு மணிக்குப் பாத்தி காத்திருக்கும்.

வாழ்க நம் பள்ளி!

உங்கள் அன்பு அக்கா