சுவரைப் பாருங்கள்
தோல் பதனிடும் ஆலைகளில் நாளெல்லாம் உருளும் ராட்சத மர டிரம்களின் அதிர்வைக் காலடியில் உணர்ந்தே பிழைக்கிற பேர்ணாம்பட்டுத் தொழிலாளிக்கு, 2021 நவம்பர் 29-ஆம் தேதி விடியற்காலையில் 3.6 ரிக்டர் அளவில் வந்த நடுக்கமும், அதன்பின் டிசம்பர் கடைசி வரை விட்டுவிட்டு வந்த சிறு பூகம்பங்களும் மட்டும் ஏன் அத்தனை பீதியைக் கொடுத்தன என்று யோசித்தால், ஆலையின் அதிர்வை நிறுத்த ஒரு சுவிட்சு உண்டு, இதற்கு அது இல்லை என்பதே விடையாகத் தோன்றுகிறது. பாத்திரங்கள் கலகலத்தன, சுவர்களில் கீறல் ஓடியது, ஜனங்கள் வீதிக்கு வந்து நின்றார்கள். பிறகு எல்லாம் அடங்கியது, நாமும் மறந்துவிட்டோம். இப்படிக் கொத்துக் கொத்தாக வரும் நடுக்கங்கள் பெரும்பாலும் தாமாகவே ஓய்ந்துவிடும் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுவது மெய்தான்; ஆயினும், நம் பிரதேசத்தைப் போலவே ஸ்திரமானது என்று பெயர் பெற்றிருந்த லாத்தூர் ஜில்லாவில், 1992-இல் கில்லாரி கிராமத்தார் உணர்ந்த சிறு நடுக்கங்களுக்குப் பிறகு, 1993 செப்டம்பர் 30-இல் பெரும் பூகம்பம் வந்து, கனத்த கற்சுவர்களுக்கடியில் ஆயிரக்கணக்கானோரை உறக்கத்திலேயே புதைத்தது. ஆகவே பூமியின் அந்தரங்கத்தை எண்ணித் தவிப்பதைவிட, கைக்கெட்டிய சுவரைச் சோதிப்பதே விவேகம். அதே நவம்பரில், முதல் நடுக்கத்துக்குப் பத்து நாள் முன்பு, பூமி அசையாமலே, மழையில் ஊறிய வீடு இடிந்து பேர்ணாம்பட்டில் ஒன்பது உயிர்கள் போயினவே! கட்டட வரைபடத்தில் கையெழுத்திடும் அதிகாரி, செங்கல்லையும் கம்பியையும் நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டால், பூகம்ப நிவாரணத்தில் பாதி அன்றைக்கே முடிந்த மாதிரி.