பழைய வாக்கி-டாக்கிகள் மீண்டும் பேசட்டும்

போலீஸ் நிலையங்களிலும் தீயணைப்பு நிலையங்களிலும் பல்லாண்டு உழைத்துக் கழிக்கப்பட்ட கையடக்க இருவழி வானொலிகளை, 1952 முதல் ஒஹையோ மாநிலத்தில் கூடிவரும் டேட்டன் ஹாம்வென்ஷன் போன்ற சந்தைகளில் தேடி வாங்கி, செப்பனிட்டு, மறுபடியும் பேச வைக்கும் வழக்கம், ஹாம்கள் என்னும் அமெரிக்க அமெச்சூர் வானொலியாளரிடையே ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. அவற்றைக் கண்ணாடி அலமாரியில் பூஜைப் பொருளாக வைத்துவிடுவோரும், உள்ளிருப்பதை அடியோடு பெயர்த்தெறிந்து வெறுங்கூட்டினுள் நவீன டிஜிட்டல் கருவியைப் புகுத்துவோரும் அதே சந்தையில் உண்டு. இவ்விரண்டும் எனக்குச் சம்மதமல்ல. பேசுவதற்கென்று செய்த யந்திரம், தன் சொந்த உறுப்புகளைக் கொண்டே பேசவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வம்சம் சாமானியமானதல்ல. பின்னாளில் மோட்டரோலா என்று பெயர் மாறிய சிகாகோவின் கால்வின் ஸ்தாபனம், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஐந்து வால்வுகளைக் கொண்டு, ஏறக்குறைய ஐந்து ராத்தல் எடையில், சிப்பாய் ஒரு கையால் தூக்கிப் பேசக்கூடிய எஸ்.சி.ஆர்.-536 என்னும் 'ஹாண்டி-டாக்கி'யைச் செய்தளித்தது. 1962-இல் முழுவதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் எச்.டி.-200-உம், 1969-இல் அதனினும் சிறிதாகிய எச்.டி.-220-உம் தோன்றின. அமெரிக்க ஜனாதிபதியைக் காக்கும் ரகசியப் போலீசாரின் கையில் இருந்ததும், எழுபதுகளில் 'எமர்ஜென்ஸி!' என்னும் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்த அமெரிக்கச் சிறுவர்கள் ஆசைப்பட்டதும் இந்த எச்.டி.-220-தான்.

இவை ஹாம்களின் கைக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு விசேஷமான காரணம் உண்டு. அலைவரிசைகளில் இடநெருக்கடி மிகுந்ததால், வர்த்தகத்திற்கும் பொதுப் பாதுகாப்பிற்கும் பயன்படும் வானொலிகள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5-க்குச் சுருங்கிவிட வேண்டுமென்று அமெரிக்க அரசு விதித்த கெடு 2013 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. குரலுக்கேற்ப 5 கிலோஹெர்ட்ஸ் வரை அலைவெண் விலகும்படி அமைந்த பழைய கருவிகள் அன்றே அந்தச் சேவைகளுக்கு உதவாதவையாயின. ஆனால், அமெச்சூர்கள் தங்களுக்குள் வழங்கிவரும் அளவு இன்றும் அதே 5 கிலோஹெர்ட்ஸ்தான். ஆகவே அரசாங்கம் கழித்த பொருள், இந்த அளவைப் பொறுத்தவரை யாதொரு மாற்றமுமின்றி அமெச்சூரின் காதுக்கும் குரலுக்கும் இசைந்து நிற்கிறது.

வாங்குகிறவர் முதலில் பாட்டரி அறையைத் திறந்து பார்க்கவேண்டும். நிக்கல்-காட்மியம் பாட்டரி கசிந்து, அந்தக் காரம் செப்புத் தடங்களை அரித்திருக்குமாயின், கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்துச் சுத்தம் செய்தபின் எவ்வளவு தடம் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் இருக்கிறது. அடுத்து அலைவெண்: 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸுக்கென்று கட்டிய கருவியை அமெச்சூர் வரிசைக்கு இழுத்து இறக்கினால் கேட்கும் திறன் குன்றக்கூடும். சர்வீஸ் மேனுவல் இல்லாமல் அதன் டியூனிங் திருகுகளைத் தொடவே கூடாது. ஆன்டெனாவோ, அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடோ மாட்டாமல் பேச்சுப் பொத்தானை அழுத்தினால் கடைசி டிரான்சிஸ்டர் கருகிவிடலாம். அதற்கு மாற்று கிடைப்பது அரிது.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது கிரிஸ்டல். ஒவ்வொரு சானலுக்கும், பேச ஒன்றும் கேட்க ஒன்றுமாக, குறித்த அலைவெண்ணுக்கு அறுத்துத் தேய்த்த குவார்ட்ஸ் துண்டுகள் இரண்டு வேண்டும். அவற்றைச் செய்துகொடுத்துப் பல தலைமுறை ஹாம்களின் நன்றிக்குப் பாத்திரமான, ஓக்லஹோமா நகரத்து இண்டர்நேஷனல் கிரிஸ்டல் ஸ்தாபனம் 2017-இல் மூடப்பட்டது. ஆகையால், கிரிஸ்டலுக்குப் பதிலாக, வேண்டிய அலைவெண்ணை உண்டாக்கும் சிறு சிந்தசைசர் பலகையைச் செருகுவோரை நான் குறை சொல்லமாட்டேன். மூலப்பலகையை வெட்டாமல், வேண்டும்போது கழற்றிவிடக்கூடிய மாற்றம் எதுவும் மன்னிக்கத்தக்கதே. குரலை வாங்கி மறுபடி அனுப்பும் இன்றைய ரிப்பீட்டர் நிலையங்கள் எதிர்பார்க்கும் தாழ்ந்த தொனியை உண்டாக்கும் சிறு பலகையும் அவ்வாறே. குடலைப் பிடுங்கியெறிவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏனெனில், ஒரு குரல் எவ்வாறு அலையாகிறது, ஒரு கிரிஸ்டலின் துடிப்பு எவ்வாறு படிப்படியாகப் பெருகி வானில் ஏறுகிறது என்பதைத் தன் கண்ணாலும் மீட்டராலும் கட்டங்கட்டமாகப் பின்தொடர்ந்து பார்க்க ஓர் இளைஞனுக்கு இன்னமும் இடங்கொடுக்கும் கருவி இது. ஒரே சில்லுக்குள் சகலத்தையும் மறைத்து வைத்திருக்கும் புதிய கருவி அந்த ஞானத்தைத் தருவதில்லை.

நம் நாட்டில் இவற்றின்மீது ஆசை கொள்வோருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஹாம்களுக்கு 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை உண்டு. இந்தியாவிலோ 146-உடன் எல்லை முடிகிறது. அவர்கள் பொதுவாகக் கூப்பிட்டுப் பேசும் 146.52-க்குரிய கிரிஸ்டல்களோடு வரும் கருவி, அப்படியே இங்கே பேசினால் சட்டத்திற்குப் புறம்பாகும். 12 வயது நிறைந்த எவரும் மத்திய அரசின் பரீட்சை எழுதி அமெச்சூர் உரிமம் பெறலாம். முதலில் அதைப் பெறுங்கள், பிறகு கருவியைத் தேடுங்கள்.