லாரிங்கோஸ்கோப் யார் கைக்குப் போகிறது?

2023 பிப்ரவரி 26 அன்று ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் பிரீத்தி இறந்துபோனார். வயது 26. வாரங்கல் காகதீய மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் எம்.டி. முதலாமாண்டு படித்துவந்தவர். லம்பாடி பழங்குடிச் சமூகத்தில் பிறந்தவர். அவருடைய சீனியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ராகிங் தடைச் சட்டத்தோடு, எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவானது. துறையின் வாட்ஸ்அப் குழுவில் பிரீத்தியை மட்டம் தட்டி எழுதியது காவல்துறை வெளியிட்ட விவரங்களில் முக்கியமானது.

கைதானவரின் மதத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் இதை வேறு பிரச்சினையாக்கப் பார்த்தார்கள். வேறு சிலர் 'ராகிங்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடினார்கள். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் இடஒதுக்கீட்டின் வழியாக அறுவை அரங்குக்குள் போன பிறகு, உள்ளே அவர்களுக்குத் தொழில் கற்றுத்தரப்படுகிறதா?

மருத்துவக் கல்வியில் சாதி எப்படி இயங்குகிறது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. அதில் மயக்கவியல் துறையை நான் தனியாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அது புத்தகத்தில் படித்து முடிக்கிற படிப்பு அல்ல. கைவேலை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தவுடன் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். முன்கூட்டியே கொடுத்த ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத் தாங்கும். அதற்குள் இடது கையில் லாரிங்கோஸ்கோப்பைப் பிடித்து, நாக்கை ஒதுக்கி, குரல்நாணைப் பார்த்து, வலது கையால் மூச்சுக்குழாய்க்குள் டியூப்பைச் செலுத்த வேண்டும். முதுகுத்தண்டில் ஸ்பைனல் ஊசி போடுவதும் எபிடூரல் போடுவதும் இப்படித்தான். செய்துதான் கற்க முடியும்.

எத்தனை முறை செய்தால் கை பழகும்? 1998இல் வெளியான ஓர் ஆய்வு, முதலாமாண்டுப் பயிற்சி மருத்துவர்களைப் பின்தொடர்ந்து இதைக் கணக்கிட்டது. டியூப் போடுவதில் 90 விழுக்காடு வெற்றியை எட்டச் சராசரியாக 57 முயற்சிகள் தேவைப்பட்டன. எபிடூரலுக்கு இன்னும் அதிகம். இந்த எண் சொல்வது மிக எளிய உண்மை: பிறவியிலேயே கை தேர்ந்தவர் என்று எவரும் இல்லை. வாய்ப்புக் கிடைத்தவருக்குக் கை தேர்கிறது.

அந்த வாய்ப்பை யார் கொடுக்கிறார்கள்? ஆசிரியரும் சீனியரும். யாருக்குக் கொடுக்க வேண்டும், எத்தனை முறை கொடுக்க வேண்டும் என்று பெரும்பாலான துறைகளில் எழுதப்பட்ட முறை இல்லை. நான் பேசிய பி.ஜி. மாணவர்கள், ஊரும் கல்லூரியும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு, ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். ஒருவர் டியூப் போடத் திணறும்போது, "இன்னும் கொஞ்சம் தூக்கு, அவசரப்படாதே" என்று பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறார்கள். இன்னொருவர் திணறினால் சில நொடிகளிலேயே, "நகரு" என்று வாங்கிக்கொள்கிறார்கள். நோயாளியின் பாதுகாப்புக்காக வாங்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் யாரிடம் அரை நிமிடம் பொறுக்கிறார்கள், யாரிடம் ஐந்து நொடிகூடப் பொறுப்பதில்லை என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. "எந்த கேட்டகிரி?", "உன் ரேங்க் என்ன?" என்ற விசாரணை முதல் வாரமே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நம் பிள்ளை சார்ட் எழுதுகிறார், ரத்த வங்கிக்கு ஓடுகிறார், மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஓராண்டு கழித்து, "இவளுக்கு டியூப்கூடப் போடத் தெரியவில்லை, கோட்டாவில் வந்தால் இப்படித்தான்" என்று அதே வாய்கள் சொல்கின்றன.

முதலில் வாய்ப்பை மறுப்பது, பிறகு திறமை இல்லை என்பது. இந்தத் தந்திரத்துக்கு வயது அதிகம். குளத்தில் இறங்க விடாமல் தடுத்துவிட்டு, அழுக்கானவர்கள் என்று சொன்ன அதே தந்திரம்.

இது என் கற்பனை அல்ல. டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு குறித்து விசாரித்த சுக்தேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று பட்டியலின, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் அதில் சொல்லியிருந்தார்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயம் கிடைப்பதில்லை என்றவர்கள் 84 விழுக்காடு. எழுத்துத் தேர்வை விட, ஆசிரியர் நேருக்கு நேர் நிற்கும் இடத்தில்தான் அநியாயம் பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். 2019 மே மாதம் மும்பையில் உயிரிழந்த மகப்பேறு மருத்துவ மாணவி பாயல் தட்வியின் குடும்பத்தினரும், சீனியர்களின் சாதிய வசைகளோடு, அறுவை அரங்கில் அவருக்குக் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டதையும் சொன்னார்கள். பாயலும் பழங்குடிதான்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "உயிரோடு விளையாடும் துறை. கண்டிப்பு இல்லாமல் எப்படி? நாங்களும் திட்டு வாங்கித்தான் கற்றோம்." கண்டிப்பு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை, நம் மக்கள்தானே அரசு மருத்துவமனையின் மேசையில் படுக்கிறார்கள்! ஆனால் அவமானம் நோயாளியைக் காப்பாற்றுகிறதா?

மயக்கவியல் உலகம் முழுக்கப் பேசும் ஒரு நிகழ்வு உண்டு. 2005இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற பெண் வழக்கமான ஓர் அறுவை சிகிச்சைக்குப் போனார். மயக்கம் கொடுத்த பின் டியூப் போட முடியவில்லை. மூச்சுக் கொடுக்கவும் முடியவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் டியூப் போடவே முயன்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் துளையிட்டுக் காற்று கொடுக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்பது அங்கிருந்த செவிலியர்களுக்குத் தெரிந்திருந்தது. கருவியையும் எடுத்து வந்திருந்தார்கள். ஆனால் பெரிய மருத்துவர்களிடம் அதை எப்படி அழுத்திச் சொல்வது என்று தெரியவில்லை. எலைன் பிழைக்கவில்லை. அங்கே குறைந்தது அறிவு அல்ல. கீழே நிற்பவர் வாய் திறக்க முடியாத படிநிலைதான் குறுக்கே நின்றது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், கத்தி வைக்கும் முன் அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்கிறது. டியூப் போடச் சிரமமானால் உதவிக்கு ஆள் கூப்பிடு என்பது பாடத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. கேள்வி கேட்டதற்காக வாட்ஸ்அப் குழுவில் கிழிக்கப்பட்ட மாணவி, நள்ளிரவில் ஆக்சிஜன் அளவு இறங்கும்போது சீனியருக்குப் போன் செய்யத் தயங்குவாரா, மாட்டாரா? அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பவர் நோயாளி. அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைப்பட்ட சமத்துவமின்மை சமூகத்தை மட்டும் அழிப்பதில்லை. அறுவை மேசையிலும் ஆளைக் கொல்லும்.

என்ன செய்யலாம்? பெரிய செலவு வேண்டாம். டியூப், ஸ்பைனல், எபிடூரல் ஒவ்வொன்றையும் யார் செய்தார், யார் உடன் நின்றார் என்பது ஏற்கெனவே லாக் புக்கில் பதிவாக வேண்டிய ஒன்றுதான். அந்தக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பெயரை நீக்கி, இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகத் துறை வெளியிடட்டும். கேஸ் ஒதுக்கீடு சீனியரின் விருப்பமாக இல்லாமல் சுழற்சி முறையில் அமையட்டும். பொம்மையில் பழகும் பயிற்சிக்கூடத்தின் சாவி எல்லோருக்கும் கிடைக்கட்டும். ஒருவரின் பிழையைக் குழுவில் போட்டுக் கேலி செய்வதை ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புகார் கேட்கும் குழு துறைக்கும் கல்லூரிக்கும் வெளியே இருக்கட்டும். ஆய்வேட்டிலும் லாக் புக்கிலும் கையெழுத்துப் போடுகிறவரைப் பற்றி அவரிடமே போய் எந்த மாணவி புகார் சொல்வார்?

இடஒதுக்கீட்டுக்கான நம் போராட்டம் இத்தனை காலம் கல்லூரி வாசலில் நடந்தது. வாசல் திறந்தது போதும் என்று நாம் திரும்பிவிட முடியாது. சீட் என்பது உள்ளே போகும் உரிமை மட்டுமல்ல. உள்ளே கற்கும் உரிமையும்தான். அடுத்த முறை ஒரு மருத்துவக் கல்லூரி தனது சேர்க்கைப் பட்டியலைக் காட்டிச் சமூகநீதி பேசினால், லாக் புக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.