மாட்டுக்கு யார் ஈடு கொடுப்பது?



பூச்சிமருந்து என்றால் நம் பத்திரிகைகள் இரண்டே விஷயங்களைப் பேசுகின்றன. ஒன்று, மருந்தைக் குடித்துச் செத்த விவசாயி. மற்றொன்று, காய்கறியில் தங்கிய நஞ்சு. இரண்டும் பேசப்பட வேண்டியவையே. ஆனால் அத்திபெலேயிலும் ஆனேக்கல் வட்டத்துக் கிராமங்களிலும் வீட்டோரம் இரண்டு சீமைப்பசுக்களைக் கட்டி, கிடைத்த இடத்தில் புல்லறுத்துப் போட்டு, டெய்ரிக்குப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் நம் தாய்மார்களுக்கு மூன்றாவதாக ஒரு நஷ்டம் உண்டு. அதற்குக் கணக்கும் இல்லை, ஈடும் இல்லை.

காசர்கோட்டில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். கேரள அரசின் தோட்டக் கழகம் முந்திரித் தோட்டங்களின்மேல் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. அங்கே முதலில் சாட்சி சொன்னது மனிதன் அல்ல. கைகால் கோணலாய்ப் பிறந்த கன்றுகளும் செத்து விழுந்த தேனீக்களும்தான் சொல்லின. ஸ்ரீ பட்ரே என்ற பத்திரிகையாளர் 1981-லேயே இதை எழுதினார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? கன்றுகளுக்குப் பின் குழந்தைகள் அதே கோலத்தில் பிறந்தார்கள். 1998-ல் லீலாகுமாரி அம்மாள் என்ற விவசாயத் துறை ஊழியர் நீதிமன்றம் ஏறினார். 2011 மே 13-ல் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. நம் கர்நாடகத்திலும் தட்சிண கன்னடத்தின் முந்திரிக் காடுகளை ஒட்டிய கிராமங்கள் இதே கதியை அனுபவித்தன.

அந்த வெற்றி பெரிய வெற்றி. மறுக்கவில்லை. ஆனால் அந்த உத்தரவு மனிதர்களுக்கானது. முதல் சாட்சியான பசுவுக்கும், அதை இழந்தவளுக்கும் அதில் இடமில்லை.

ஒரு பசுவின் நஷ்டம் எவ்வளவு என்று நம் அதிகாரிகள் எப்போதாவது கூட்டிப் பார்த்திருக்கிறார்களா? நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் பசு, ஈற்றுக்கு 300 நாள் கறவை, லிட்டருக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 72,000 ரூபாய். நிறைசினையில் கலைந்துபோனால் அந்த ஈற்றின் பால் பெரும்பாலும் போயிற்று, கன்றும் போயிற்று. மறுபடி சினை பிடித்து ஈனுவதற்குப் பத்து மாதத்துக்குக் குறையாது. அத்தனை மாதமும் தவிடும் பிண்ணாக்கும் போட்டாக வேண்டும். பசு வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது. காப்பீடு செய்திருந்தாலும் அது பெரும்பாலும் சாவுக்குத்தான்; கலைந்த சினைக்கும் வற்றிய மடிக்கும் எவன் பணம் தருவான்? ரயில் பார்சலில் அனுப்பிய சரக்கு நாசமானால்கூட நஷ்டஈடு கேட்க மனு உண்டு, தீர்ப்பு சொல்லத் தீர்ப்பாயம் உண்டு. பசுவுக்கு அதுவும் கிடையாது.

நஞ்சு எப்படி வருகிறது என்பதும் ரகசியமல்ல. தோட்டத்தில் மருந்தடித்த மறுநாள் வரப்புப் புல்லை அறுக்கிறோம். மருந்து கலக்கிய வாளியிலேயே கழுநீர் வைக்கிறோம். உண்ணி போகவேண்டும் என்று பயிருக்கு அடிக்கும் மருந்தை மாட்டின் முதுகில் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இதை நாம்தான் ஒழிக்கவேண்டும், சர்க்காரைச் சொல்லிப் பயனில்லை. பாஸ்பரஸ் வகை மருந்து உள்ளே போனால் மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும், மூச்சு முட்டும். அட்ரோபின் ஊசியை உடனே போட்டால் பிழைக்க வழியுண்டு. டாக்டர் மறுநாள் வந்தால் யாருக்கு லாபம்? எண்டோசல்பான் போன்ற குளோரின் வகையோ கொழுப்பில் தங்கிப் பாலில் இறங்கும். எந்தக் கொழுப்பை அளந்து டெய்ரியில் நமக்குக் காசு தருகிறார்களோ, அதே கொழுப்பில்!

உடனே "பாலெல்லாம் விஷம்" என்று கூச்சல் போடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. பூச்சிமருந்து எச்சம் வரம்பை மீறியது ஒன்றே ஒன்றில். தீவனப் பூஞ்சையால் வரும் அஃப்ளடாக்சின்தான் 368 மாதிரிகளில் மீறியது. ஆக, நகரத்தார் குடிக்கும் டம்ளரில் இல்லாத நஷ்டம் நம் கொட்டகையில் இருக்கிறது. டம்ளரைச் சோதிக்க ஆணையம் உண்டு. கொட்டகையைப் பார்க்க யார் உண்டு?

சட்டம் இல்லை என்று சொல்லமுடியாது. 1968-ம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் தன் முகவுரையிலேயே மனிதருக்கும் விலங்குகளுக்கும் வரும் ஆபத்தைத் தடுப்பதே நோக்கம் என்கிறது. அதன் 26-வது பிரிவு, மருந்தினால் நஞ்சேறிய நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் தெரிவிக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. மனிதருக்கு நஞ்சேறினால் மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. கால்நடை மருத்துவர்களை அந்த அறிவிப்பில் சேர்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

எல்லையோரம் வாழும் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஓசூர்ப் பக்கத்துப் பூந்தோட்டத்து வரப்பில் அறுத்த புல்லைத் தின்று அத்திபெலேயில் மாடு செத்தால் அது எந்த மாநிலத்துச் சாவு? புல் எல்லை பார்ப்பதில்லை, அதிகாரிகள் பார்க்கிறார்கள். எனவே இரு மாநில அரசுகளையும் சேர்த்தே கேட்கவேண்டும்: மருந்தடிக்கும் நாளைத் தோட்டக்காரர் முன்கூட்டி அறிவிக்க வேண்டும், கால்நடை மருந்தகங்களில் அட்ரோபின் எப்போதும் இருக்கவேண்டும், சந்தேகச் சாவில் குடல் மாதிரியை எடுத்துச் சோதித்து அறிக்கையை மாட்டுக்காரர் கையில் இலவசமாகக் கொடுக்கவேண்டும், சினை கலைந்தாலும் ஈடு வேண்டும்.

மனு எழுதக் கையில் விவரம் வேண்டும். கடந்த இரண்டு வருஷத்தில் மாடு செத்தவர்கள், சினை கலைந்தவர்கள், தேதி, டாக்டர் சீட்டு, டெய்ரிப் பாஸ்புத்தகம், பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்தின் பெயர் தெரிந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.