கூண்டும் கொல்லையும்

கூண்டுக் கிளியை மட்டும் பார்த்தவர் கிளியைப் பார்த்தவரே அல்லர் என்பது என் அபிப்பிராயம். முற்றிய சோளக்கொல்லையில் விடியற்காலையில் கூட்டமாக வந்திறங்கி, ஒற்றைக் காலால் கதிரைப் பற்றி, நாலு மணியைத் தின்று நாற்பதைச் சிந்தி, குடியானவனின் கூச்சலைச் சற்றும் லட்சியம் செய்யாமல் அடுத்த தட்டைக்குத் தாவும் அந்த அகங்காரத்தை, ஒரு நெல்மணிக்காகச் சீட்டெடுக்கும் ஜோசியக் கிளியிடம் எங்ஙனம் காண்பது? கழுத்தில் கறுப்பும் ரோஜா வர்ணமுமான ஆரம் பூண்ட ஆணும், அஃதில்லாத பேடும், பட்டுப்போன பனையின் பொந்திலோ கோபுரத்து இடுக்கிலோ குடித்தனம் நடத்தும் வைபவத்தைப் பார்க்கப் பணம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும் (அதற்குத்தானே நம்மிடம் பஞ்சம்!). 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் இன்று குற்றமாயிருக்க, சிறகு கத்தரித்த கிளியைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு அதனைப் பட்சிப் பிரியம் என்று சொல்லிக்கொள்ளும் கனவான்கள், அந்திவேளையில் ஊர்க்கோடி ஆலமரத்தடிக்கு ஒருமுறை சென்று, அடைய வரும் கூட்டத்தின் இரைச்சலைக் காது புளிக்கக் கேட்டு வருவார்களாக.